ஐந்தில் முதலாவது

பூஜைக்கு அமர்பவர் முதலில் செய்வது என்ன? இறைவன் திருவடியில் மலர் இடுவதன்று. ஆசமனம் செய்து தம்மைத் தூய்மைப்படுத்திக் கொள்கிறார். பிராணாயாமத்தால் மூச்சை ஒழுங்குபடுத்துகிறார். பின்னர் அங்கநியாசத்தில் இதயம், தலை, கண்கள் என்று தம்முடைய உறுப்புகளையே ஒவ்வொன்றாகத் தொட்டு, அவற்றில் தெய்வ சாந்நித்தியத்தை நிலைநிறுத்துகிறார். அதன் பிறகே கை மலரை எடுக்கிறது. வழிபடப் போகும் உடல் முதலில் வழிபாட்டுக்கு உரியதாக வேண்டும் என்பது ஆன்றோர் வகுத்த முறை.

தொழில் தொடங்குவதும் இந்நாட்டில் ஒரு வழிபாடாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. குஜராத்திய வணிகர்கள் தீபாவளியன்று புதுக் கணக்கேட்டை இலட்சுமியின் முன் வைத்துப் பூஜிக்கிறார்கள். வங்காளத்தில் ஆண்டின் முதல் நாளில் புதுக் கணக்கு திறக்கப்படுகிறது. கீழ்த்திசை மாநிலங்களின் பட்டறைகளில் விசுவகர்ம பூஜை சிறப்பாக நடைபெறுகிறது. தெற்கே ஆயுத பூஜையன்று தராசு முதல் தையல் இயந்திரம் வரை எல்லாக் கருவிகளும் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. ஆனால் அந்த வரிசையில் ஒரு கருவி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பொட்டு வைக்கும் கைக்கு உரிய உடலே அது.

'பிறகு' என்னும் சொல்

இன்று நாடெங்கும் இளைஞர்கள் பலர் தங்கள் கலையையே தொழிலாக்கிக் கொள்ள முன்வருகிறார்கள். ஒருவர் கைத்தறித் துணிகளில் புதிய ஆடை வடிவங்களை உருவாக்குகிறார். இன்னொருவர் மண்பாண்டக் கூடம் அமைக்கிறார். வேறொருவர் குழந்தைகளுக்கான படநூல்களை வெளியிடத் துணிகிறார். பிறரிடம் ஊதியத்திற்குப் பணிபுரியாமல், தம் உள்ளத்தில் எழுந்த ஒன்றை உலகிற்குத் தர வேண்டும் என்ற அவர்களது ஆர்வம் போற்றத் தக்கது.

ஆனால் திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பின் அவர்களுடைய வாழ்வு எப்படி மாறுகிறது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். காலை உணவு நின்றபடியே முடிகிறது. பிறகு அதுவும் இல்லாமற் போகிறது. உறக்கம் நள்ளிரவைத் தாண்டுகிறது. படுக்கையிலும் கைபேசி ஒளிர்ந்து கொண்டிருக்கிறது. தொலைபேசியில் அழைக்கும் தாய்க்கு இரண்டு சொற்களில் பதில் கிடைக்கிறது. பூஜையறையில் ஜபமாலை தீண்டப்படாமல் கிடக்கிறது. எவரேனும் கேட்டால் வருவது ஒரே விடைதான்: "விழா முடியட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்."

அந்தப் 'பிறகு' வருவதில்லை. விழா முடிந்த மறுநாள் முதல் விற்பனை என்ன ஆயிற்று என்ற கவலை தொடங்குகிறது. அதன் பின் வட்டி, அதன் பின் அடுத்த பருவத்திற்கான சரக்கு. அலைகள் ஓய்ந்த பின் கடலில் நீராடலாம் என்று கரையில் நிற்பவனின் நிலை இது.

இந்த நிலையை மருத்துவ உலகமும் அறிந்துகொண்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில், நீண்ட நாள் பணி அழுத்தத்தால் வரும் முழுச் சோர்வைப் பணிசார்ந்த ஒரு நிகழ்வாகத் தன் வகைப்பாட்டில் விளக்கியது. ஆற்றல் வற்றிப் போதல், செய்யும் பணியிலேயே வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவற்றுள் இரண்டாவது கலைஞனுக்கு மிகவும் கொடியது. எந்தக் கலையின் மீது கொண்ட அன்பினால் தொழில் தொடங்கினானோ அந்தக் கலையையே வெறுக்கும்படி ஆவதைவிடப் பெரிய இழப்பு அவனுக்கு வேறில்லை.

பார்வையை இழந்த கலைஞர்

இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் தாதாசாகேப் பால்கேயின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. 1870-இல் நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்த அவர், பம்பாயிலும் பரோடாவிலும் கலை பயின்றவர். கோத்ராவில் புகைப்பட நிலையம் நடத்தினார். அங்கே பரவிய பிளேக் நோய் அவருடைய முதல் மனைவியையும் குழந்தையையும் பறித்துக் கொண்டது. பின்னர் ராஜா ரவிவர்மாவின் அச்சகத்தில் பணியாற்றினார். தாமே அச்சுத் தொழில் தொடங்கி, கூட்டாளிகளுடன் கருத்து வேறுபட்டு அதை விட்டு விலகினார்.

வயது நாற்பதை எட்டிய அந்நாளில், பம்பாய்க் கொட்டகை ஒன்றில் ஏசுவின் வாழ்க்கையைக் கூறும் படத்தைக் கண்டார். திரையில் ஏசுவின் காட்சிகள் ஓடிக்கொண்டிருக்க, அவருடைய மனக்கண் முன் கோகுலமும் அயோத்தியும், கண்ணனும் இராமனும் தோன்றினர். நம் நாட்டுத் தெய்வங்களை இந்தியர்கள் திரையில் காணும் நாள் வருமா என்ற ஏக்கம் அவரைப் பற்றிக் கொண்டது.

அன்று முதல் அவருக்கு வேறு நினைவில்லை. நாள்தோறும் பல மணி நேரம் படங்களைப் பார்த்தார். மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சியிலும் சோதனைகளிலும் கழிந்தது. அந்த மாதங்களில் நாளொன்றுக்கு மூன்று மணி நேர உறக்கம்கூடத் தமக்குக் கிடைக்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் மராத்தி இதழில் எழுதிய கட்டுரைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கண்கள் பாதிக்கப்பட்டன. ஓய்வு தேவை என்று சொல்லப்பட்டும் பணி நிற்கவில்லை. முடிவில் பார்வையே போயிற்று.

ஒளியையும் நிழலையும் கொண்டு ஒரு புதிய கலையை இந்நாட்டிற்குக் கொணர விரும்பியவர், அந்தக் கலைக்கு வேண்டிய முதற்கருவியையே இழந்து இருளில் அமர்ந்தார். டாக்டர் பிரபாகர் என்ற கண் மருத்துவரின் சிகிச்சையாலும், அவர் தந்த மூன்று நான்கு கண்ணாடிகளின் துணையாலும் பார்வை மெல்லத் திரும்பியது.

பார்வை திரும்பியது என்பதால் இன்று அந்த நாட்களை ஒரு வீரக்கதை போலச் சொல்ல முடிகிறது. திரும்பாமல் போயிருந்தால்? அதே உழைப்பு, அதே தியாகம், அதே பக்தி எல்லாம் இருந்தும், வெளிவந்திருக்க வேண்டிய படம் ஒருவருடைய மனத்திற்குள்ளேயே மடிந்திருக்கும்.

செயலின் ஐந்து காரணங்கள்

எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் கூட வேண்டும் என்று பகவான் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் அருளுகிறார். அதிஷ்டானம், கர்த்தா, கரணம், சேஷ்டை, தெய்வம் என்பன அவை. தொழில் தொடங்கும் ஒவ்வொருவரும் தம் திட்ட அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியவை இந்த ஐந்தும்.

முதலாவது அதிஷ்டானம், அதாவது இருப்பிடம். ஆதிசங்கரர் தம் உரையில் இதற்கு உடல் என்றே பொருள் கூறுகிறார். செயல் எங்கே நிகழ்கிறது? கடையிலோ கூடத்திலோ நிகழ்வதற்கு முன் உடலில் நிகழ்கிறது. வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தின் சுவரில் விரிசல் உண்டா, கூரை ஒழுகுமா என்று பலமுறை பார்ப்பவர், தாம் குடியிருக்கும் இந்த முதற்கட்டடத்தின் விரிசலைப் பார்க்க மறுப்பது வியப்பே.

இரண்டாவது கர்த்தா, 'நான் செய்கிறேன்' என்று எண்ணுபவன். அந்த எண்ணம் ஓரளவு இல்லாமல் தொழில் நடவாது. ஆனால் தொடக்க நாட்களில் அதுவே பேருருவம் கொள்கிறது. 'நான் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் எல்லாம் நின்றுவிடும்' என்ற அச்சம் பொறுப்புணர்வைப் போலத் தோன்றினாலும், அதன் அடியில் அகங்காரமே வேரோடியிருக்கிறது.

மூன்றாவது கரணம், பல்வேறு புலன்கள். கண், செவி, கை முதலியவை கலைஞனுக்குத் தனிச் செல்வம். நெசவுக்கான வண்ணத்தைத் தேர்பவர் கண்ணையும், பண் அமைப்பவர் செவியையும், குயவர் விரல் நுனியையும் நம்பி வாழ்பவர்கள். நான்காவது சேஷ்டை. பிராணன், அபானன் முதலிய வாயுக்களின் இயக்கம் என்று ஆசாரியர் இதை விளக்குகிறார். மூச்சு சீராக இருக்கும்போது முடிவும் சீராக வரும். பதற்றத்தில் மேலெழுந்தவாறு மூச்சு விடுபவர், சரக்கு தருபவரிடம் சினந்து பேசுவதும், விலையைத் தவறாகக் குறிப்பதும், வேண்டாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் அன்றாடம் காணும் காட்சிகள்.

ஐந்தாவது தெய்வம். புலன்களுக்கு உரிய அதிதேவதைகள் என்று சங்கரர் இதற்குப் பொருள் காட்டி, கண்ணுக்கு ஆதித்யனைக் குறிப்பிடுகிறார். இது ஆழ்ந்து எண்ணத் தக்கது. கண் ஒருவனுடைய சொத்து மட்டுமன்று; அதற்கு மேலே ஓர் உரிமையாளர் இருக்கிறார். இரவெல்லாம் விழித்துக் கண்ணை வதைப்பவன், தன் பொருளைத் தன் விருப்பப்படி செலவழிக்கவில்லை; ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சிதைக்கிறான்.

ஐந்து காரணங்களையும் கூறிய பின் பகவான் ஒரு முடிவையும் தருகிறார். இவ்வளவும் கூடிச் செய்யும் செயலில், தான் ஒருவனே செய்பவன் என்று காண்பவன் உண்மையைக் காண்பதில்லை என்பதே அது. இந்த ஒரு தெளிவே தொழில் தொடங்குபவருக்குப் பெரும் ஆறுதல். ஐந்தில் ஒன்றுதான் அவர். மற்ற நான்கிற்கும் இடம் விட்டால் தோளில் உள்ள சுமை தானே குறையும்.

அடக்க வேண்டியவை எவை?

ஆயுர்வேதத்தின் பழம்பெரும் நூலாகிய சரக சம்ஹிதை, உடலாகிய வீட்டைத் தாங்கும் துணைத்தூண்கள் மூன்று என்கிறது. உணவு, உறக்கம், பிரம்மச்சரியம் என்னும் நெறிப்பட்ட வாழ்வு ஆகியவை அவை. அதே நூலில் இன்னோர் அரிய பகுதி உண்டு. மனிதனிடம் எழும் உந்துதல்களை அது இரு வகையாகப் பிரிக்கிறது.

முதல் வகை, தடுக்கக் கூடாதவை. இவை பதின்மூன்று. பசி, தாகம், உறக்கம், கண்ணீர், கடும் உழைப்பினால் எழும் மூச்சிரைப்பு முதலியவை இதில் அடங்கும். இவை எழுந்தால் அவற்றுக்கு இடம் தர வேண்டும். தடுத்தால் நோய் விளையும். இரண்டாம் வகை, தடுத்தே ஆக வேண்டியவை. பேராசை, துயரம், அச்சம், சினம், செருக்கு, பொறாமை முதலிய மன வேகங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கடுஞ்சொல்லும் அடக்கப்பட வேண்டியதே.

புதிய தொழிலின் பரபரப்பில் இருப்பவர் செய்வது என்ன? இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக் கொள்கிறார். பசியை அடக்குகிறார்; தாகத்தை மறக்கிறார்; உறக்கத்தைத் தேநீரால் விரட்டுகிறார்; கண்ணீர் வந்தால், 'இது பலவீனம்' என்று விழுங்கிக் கொள்கிறார். மறுபுறம், போட்டியாளரின் வெற்றியைக் கண்டு எழும் பொறாமைக்கு இடம் தருகிறார். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தை இரவெல்லாம் வளர்க்கிறார். உதவியாளர் மீது சினத்தைக் கொட்டுகிறார். திறந்திருக்க வேண்டிய கதவை அடைத்து, அடைத்திருக்க வேண்டிய கதவைத் திறந்து வைத்த வீட்டில் எவ்வாறு அமைதி குடியிருக்கும்?

தன்னைப் பேணுதல் என்பது இந்தக் கதவுகளைச் சரிசெய்வதே அன்றி, சுகபோகம் தேடுவதன்று. பசித்தபோது உண்பதும் களைத்தபோது உறங்குவதும் உலகிற் பிறந்த உயிர்களின் எளிய கடமை. சினத்தையும் அச்சத்தையும் அடக்குவது சாதகனின் அரிய கடமை. எளியதைச் செய்யாதவருக்கு அரியது கைகூடுவதில்லை. உறக்கமின்றி எரியும் கண்களோடு பொறுமையைக் கடைப்பிடிக்க முயன்றவர் எவரும் இதனை அறிவர்.

வீணையின் நரம்பு

புத்தபிரானிடம் சோணர் என்னும் இளைஞர் துறவு ஏற்றார். சம்பா நகரத்துப் பெருஞ்செல்வர் மகன். மிக மென்மையாக வளர்ந்த கால்கள் அவருடையவை. புதிய வாழ்வில் விரைந்து முன்னேற வேண்டும் என்ற வேகத்தில், ராஜகிருகத்தின் சீதவனத்தில் இடைவிடாது நடந்து நடந்து தியானம் பயின்றார். பாதங்கள் வெடித்து, நடைபாதை குருதியால் நனைந்தது. அவ்வளவு முயன்றும் பலன் கிட்டவில்லை. மனம் தளர்ந்தது. 'வீட்டிற்குத் திரும்பி, இருக்கும் செல்வத்தைக் கொண்டு அறம் செய்து வாழ்ந்தால் என்ன?' என்ற எண்ணம் எழுந்தது.

இதை உணர்ந்து புத்தர் அவரிடம் வந்தார். இல்லறத்தில் இருந்த நாளில் சோணர் வீணை வாசிப்பதில் தேர்ந்தவர். நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் இசை வருமா என்று புத்தர் கேட்டார். வராது என்றார் சோணர். மிகத் தளர்த்தினால்? அப்போதும் வராது. மிகையும் குறையும் இன்றி அளவாகக் கட்டினால்? அப்போது வீணை இனிது ஒலிக்கும். முயற்சியும் அத்தகையதே என்று உணர்த்தினார் புத்தர். மிகுந்தால் பதற்றம், குறைந்தால் சோம்பல்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புத்தர் ஒரு கலைஞருக்கு அவருடைய கலையைக் கொண்டே வழி காட்டினார். சோணர் அறியாத எதையும் அவர் கூறவில்லை. வீணைக்கு எது பொருந்தும் என்று அறிந்தவர், அது வாசிப்பவனுக்கும் பொருந்தும் என்பதை மறந்திருந்தார். களிமண்ணுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று அறிந்த குயவரும், சாயம் ஊற எத்தனை நேரம் வேண்டும் என்று அறிந்த நெசவாளரும், பாலிழை அறுந்துவிடாமல் எவ்வளவு இழுக்கலாம் என்று அறிந்த தறிக்காரரும் இந்த அறிவைத் தம்மீதே திருப்பினால் போதும். வேறு உபதேசம் வேண்டியதில்லை.

வரலாறு அத்துடன் முடியவில்லை. அளவறிந்து முயன்ற சோணர் விரைவில் ஞானம் பெற்றார். ஊக்கம் மிக்க சீடர்களுள் முதன்மையானவர் என்று புத்தராலேயே பாராட்டவும் பெற்றார். அளவை அறிதல் முயற்சிக்கு எதிரி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மென்மையான பாதங்களை உடைய அவருக்குக் காலணி அணிய அனுமதியும் கிடைத்தது. ஆனால், தமக்கு மட்டும் அந்தச் சலுகை வேண்டாம், சங்கத்தார் அனைவருக்கும் அனுமதி கிடைத்தால் தாமும் ஏற்பதாகச் சோணர் பணிவுடன் கூறினார். ஒற்றைத் தோல் கொண்ட காலணி அதன்பின் அனைவருக்கும் அனுமதிக்கப்பட்டது.

தொழில் தொடங்குபவர் மறக்கக் கூடாத பாடம் இது. உரிமையாளர் ஓய்வறையில் சாய்ந்திருக்க, தைப்பவரும் பெட்டி கட்டுபவரும் நள்ளிரவு வரை நின்றால், அது தன்னைப் பேணுதல் ஆகாது, தன்னலம் ஆகும். தனக்கு வேண்டிய உணவு வேளையும் உறக்கமும் தன்னுடன் உழைக்கும் கடைசி மனிதருக்கும் வேண்டும் என்று உணர்பவரிடத்தில்தான் இந்தப் பேணுதல் தர்மமாக மலர்கிறது.

தியாகம் வேண்டாமா?

'பால்கே உறங்காமல் உழைத்ததால்தானே முதல் படம் பிறந்தது? உடலைப் பார்த்துக் கொண்டிருந்தால் பெருஞ்செயல் எவ்வாறு நடக்கும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தவமின்றிப் பெரியது எதுவும் பிறப்பதில்லை. ஆனால் தவம் வேறு, வதை வேறு.

பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் இந்த வேறுபாட்டை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகிறான். சாத்திரம் விதிக்காத கடுமையால், செருக்கும் ஆசையும் உந்த, உடலையும் அதனுள் உறையும் தன்னையுமே வருத்துபவர்களின் உறுதியை அவன் அசுரத் தன்மை வாய்ந்தது என்கிறான். ஆறாம் அத்தியாயத்தில், மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் இல்லை என்று எச்சரிக்கிறான். காளிதாசரின் குமாரசம்பவத்தில், கடுந்தவம் புரியும் பார்வதியிடம் பிரம்மசாரி வேடத்தில் வரும் சிவபெருமான், அவளுடைய உடலின் ஆற்றலுக்கு ஏற்றபடி தவம் நடக்கிறதா என்றே நலம் விசாரிக்கிறார். தவத்தின் தலைவனுக்கே அந்த அக்கறை இருக்கிறது.

பால்கேயின் வெற்றியை உற்று நோக்கினாலும் இவ்வுண்மை விளங்கும். உறக்கமின்மை அவருக்குத் தந்தது குருட்டு நாட்களையே. படத்தைத் தந்தவை வேறு. ஆயுள் காப்பீட்டை அடகு வைத்து 1912-இல் இலண்டன் சென்று முறையாகக் கற்ற கல்வி ஒன்று. துணைவியார் சரஸ்வதிபாயின் தோள் மற்றொன்று. அவர் தம் நகைகளை விற்கக் கொடுத்தார். படச்சுருளில் துளையிடக் கற்றார். படப்பிடிப்புக் குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போட்டார். இவ்வாறு ஒருவர் உணவைக் கவனிக்க, மற்றவர் கலையைக் கவனிக்க, 'ராஜா ஹரிச்சந்திரா' உருவாகி, 1913 மே 3 அன்று பம்பாயின் காரனேஷன் கொட்டகையில் மக்கள் முன் வந்தது. திரையில் தோன்றிய முதல் பெயர் ஒருவருடையதாயினும், அடுப்படியில் நின்ற கைகளும் அந்த ஐந்து காரணங்களுக்குள் அடங்கியவையே.

வெற்றிக்குப் பின்னும் அவருடைய வாழ்வு மேடுபள்ளமாகவே சென்றது. 1918-இல் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, கூட்டாளிகளுடன் பிணக்குற்று, எல்லாவற்றையும் விட்டுக் காசிக்குச் சென்றார். மீண்டும் வந்து பல படங்கள் எடுத்தார். 1937-இல் வெளிவந்த 'கங்காவதரண்' அவருடைய இறுதிப் படம். 1944-இல் நாசிக்கில் மறைந்தார். ஒரு கலைஞனின் பயணம் ஒரே ஒரு திறப்பு நாளோடு முடிவதில்லை; அது பல்லாண்டுகள் நீள்வது. முதல் நாளிலேயே எண்ணெய் முழுவதையும் ஊற்றி எரித்துவிட்டால், இரவின் எஞ்சிய யாமங்களுக்கு விளக்கு ஏது?

நாள்தோறும் ஓர் அங்கநியாசம்

தொழில் தொடங்கும் காலத்தில் கைக்கொள்ள எளிய நெறிகள் சில உண்டு.

கணக்கேட்டைத் திறக்கும் முன் சங்கல்பம் செய்யும்போதே உணவு வேளையையும் உறங்கும் வேளையையும் சங்கல்பத்தில் சேர்க்க வேண்டும். விருந்தினருக்கும் அதிகாரிகளுக்கும் நேரம் குறிப்பவர், அன்னபூரணிக்கும் ஒரு நேரம் குறித்து அதை மாற்றாதிருத்தல் முறை.

விடியலில் கைபேசியைத் தொடுமுன் சிறிது நேரம் மூச்சைக் கவனித்து, இறைவன் திருநாமத்தை நினைத்து, தம் கண்களையும் கைகளையும் இதயத்தையும் தொட்டு, 'இவை உன்னுடையவை, இன்று எனக்குக் கடனாகத் தந்திருக்கிறாய்' என்று எண்ணலாம். மந்திரம் அறியாதவரும் செய்யத்தக்க அங்கநியாசம் இது.

சொந்த இல்லத்தின் செலவுக்கு உரிய பணத்தைத் தொழில் முதலீட்டிலிருந்து முதலிலேயே பிரித்து வைப்பது நல்லது. இரவில் உறக்கத்தைத் திருடும் அச்சங்களுள் பெரும்பாலானவை இந்த எல்லை அழிவதால் வருபவை. மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லக்கூடிய ஒருவர், வாழ்க்கைத் துணையோ நண்பரோ மூத்தவரோ, அருகில் இருக்க வேண்டும். கண்ணீரை அடக்கக் கூடாது என்று சொன்ன ஆயுர்வேதம், அதைத் துடைக்க ஒரு கை வேண்டும் என்பதையும் உடன் உணர்த்துகிறது. பல நாட்களாக உறக்கம் வராவிட்டாலோ, எதிலும் பற்று இல்லாத வெறுமை சூழ்ந்தாலோ, மருத்துவரை நாடத் தயங்கலாகாது. மருத்துவர் வழியாகவும் அருள் வரும். பால்கேக்கு அது கண்ணாடிகளாக வந்தது.

வாரத்தில் ஒரு பொழுதேனும் விற்பனைக்கு அல்லாமல், இறைவனுக்கென்று மட்டும் தம் கலையைச் செய்வது கலைஞருக்கு ஏற்ற ஓய்வு. விலை குறிக்காத ஒரு பானை, எவருக்கும் காட்டாத ஓர் ஓவியம், பூஜையறையில் மட்டும் ஒலிக்கும் ஒரு பாடல். கலை எங்கிருந்து ஊறியதோ அந்த ஊற்று அப்போது மீண்டும் நிறைகிறது.

திறப்பு நாளில் கூட்டம் வரலாம், வராமலும் போகலாம். செயலில் மட்டுமே மனிதனுக்கு உரிமை, பலனில் இல்லை. பலனைக் கட்டுப்படுத்த முடியாது என்று உண்மையாக ஏற்றவருக்கு, அந்த நாளின் முந்தைய இரவில் உறங்குவது கடினமாக இராது. நிம்மதியான உறக்கமும் சரணாகதியின் ஒரு வடிவமே.

பட்டாணிச் செடி

இலண்டனிலிருந்து திரும்பிய பால்கே, புராணப் படத்திற்கு முன் மிகச் சிறிய படம் ஒன்றை எடுத்தார். ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்து, அதன் முன் படக்கருவியை நிறுத்தினார். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பதிவு செய்தார். ஒரு மாதத்திற்கும் மேல் பொறுமை காத்தார். முடிவில், விதை முளைத்துக் கொடியாகும் காட்சி ஓரிரு நிமிடங்களில் திரையில் ஓடியது. அதைக் கண்டவர்கள் வியந்தார்கள். பொருள் கொடுத்து உதவவும் முன்வந்தார்கள்.

திரையில் செடி விரைந்து வளர்ந்தது. தொட்டியில் அது தன் வேகத்திலேயே வளர்ந்தது. காண்பதைத்தான் கருவியால் விரைவுபடுத்த முடிந்தது; வளர்வதை விரைவுபடுத்த முடியவில்லை. பகலில் வெயிலையும், இரவில் இருளையும், வேரில் நீரையும் ஏற்று, ஒரு நாளும் பதறாமல் அந்தச் செடி வளர்ந்தது. இன்று பிறருடைய வெற்றிகள் கைபேசியின் திரையில் ஒரு நிமிடத்தில் ஓடி மறைகின்றன. அவற்றின் பின்னே தொட்டியில் கழிந்த நாட்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையின் வேகத்தில் வளர முயலும் விதைக்கு அழிவே மிஞ்சும்.

புதிதாக ஒன்றைப் படைக்கத் துணிந்தவர், படைத்தவன் தமக்குத் தந்த உடலையும் உள்ளத்தையும் முதற்கருவியாக மதித்து, அளவறிந்து உழைத்து, விளைவை அவனிடமே ஒப்படைக்க வேண்டும். அத்தகையவரின் இல்லத்திலும் தொழிலிலும் திருமகளும் கலைமகளும் ஒருங்கே வீற்றிருப்பார்களாக.